வயிற்றுப் பிள்ளை அம்மாவின் குரலை அறியுமா: எந்தக் கருவியை நம்புவது?

போன மாதம் ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு அக்கா மகள் கூப்பிட்டாள். ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஆறு வாரத்துக்குள் ஆய்வுத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். கேள்வியை அவள் முடிவு செய்துவிட்டாள்: பிறக்காத குழந்தை தன் அம்மாவின் குரலையும் முன்பின் தெரியாத பெண்ணின் குரலையும் பிரித்தறிகிறதா, அறிகிறது என்றால் எந்த வாரத்திலிருந்து? அதை எதைக் கொண்டு பார்ப்பது என்பதுதான் முடிவாகவில்லை. "எம்.ஆர்.ஐ. எடுத்தா மூளையே தெரியும்ல சித்தி, அப்புறம் என்ன?" என்றாள்.

அப்புறம் நிறைய இருக்கிறது. அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு நாலைந்து ஞாயிற்றுக்கிழமை ஓடியது. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கோத்து எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குறைமாதக் குழந்தைகளின் ஈ.ஈ.ஜி. பதிவுகளை, அதாவது தலைமேல் உணரி ஒட்டி எடுக்கும் மூளை மின்னலைகளை, அலசுவது என் பிழைப்பு. அதனால் பெரிய காந்தக் கருவிகள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் கொஞ்சம் சந்தேகமும் உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படிக்கவும்.

உள்ளே என்ன கேட்கிறது

கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒலியைப் பற்றிப் பேச வேண்டும். கர்ப்பப்பைக்குள் ஒலி எப்படி இருக்கிறது என்று அளந்து பார்த்த ஆய்வு 1992-ல் வந்தது. வெளியாள் பேசும் பேச்சு உள்ளே போகும்போது 2, 3 டெசிபல் குறைகிறது. அம்மாவின் சொந்தக் குரலோ, எலும்பும் உடம்பும் வழியாக இறங்குவதால், வெளியே கேட்பதைவிட உள்ளே சுமார் 5 டெசிபல் கூடுதலாகக் கேட்கிறது. தாழ்ந்த சுருதியில் கனத்து வரும் ஒலிகள் எளிதில் உள்ளே போகும். கீச்சொலிகள் வயிற்றுச் சுவரிலும் பனிக்குட நீரிலும் தேய்ந்துபோகும்.

குழந்தையின் காதும் அதே வரிசையில்தான் தயாராகிறது. பெல்ஃபாஸ்டில் ஹெப்பரும் ஷாஹிதுல்லாவும் 450 சிசுக்களிடம் ஒலி எழுப்பி, அசைகிறதா என்று ஸ்கேனில் பார்த்தார்கள். 1994-ல் வெளியான அந்த ஆய்வில் முதல் அசைவு 19-ஆம் வாரத்தில், 500 ஹெர்ட்ஸ் ஒலிக்கு. 27-ஆம் வாரத்தில் ஏறக்குறைய எல்லாச் சிசுக்களும் 250, 500 ஹெர்ட்ஸுக்கு அசைந்தன. 1000, 3000 ஹெர்ட்ஸுக்கு ஒன்றுகூட அசையவில்லை. அந்த உயர்ந்த ஒலிகளுக்கு எல்லாமே அசைய 33 முதல் 35 வாரம் ஆனது. வளைகாப்பில் வளையல் சத்தம் குழந்தைக்குக் கேட்கும் என்பார்கள். ஏழாம் மாதத்தில் செய்கிறவர்களைவிட ஒன்பதாம் மாதத்தில் செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு கொஞ்சம் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவள் கேள்விக்கு இதனால் ஒரு சிக்கல். அம்மாவின் குரலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் வயிற்றின்மேல் போட்டால், குழந்தை தினமும் உள்ளிருந்து கேட்கும் குரல் அது இல்லை. சரி, அம்மாவையே நேரில் பேசச் சொல்லலாம் என்றால், பேசும்போது அவருடைய உதரவிதானம் அசைகிறது, மூச்சு மாறுகிறது, இதயத்துடிப்பு ஏறுகிறது. குழந்தை எதற்கு அசைந்தது என்று பிரிக்க முடியாது. அதனால்தான் இந்தத் துறையில் பலரும் பதிவு செய்த குரலையே போடுகிறார்கள். கருவி எதுவானாலும் இந்தக் குறை கூடவே வரும்.

இன்னொரு சிக்கல் தூக்கம். அபிமன்யு கதையை நம் வீடுகளில் எப்படிச் சொல்வார்கள்? வியூகத்துக்குள் போகும் வழியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது சுபத்திரை தூங்கிவிட்டாள், வெளியே வரும் வழி பிள்ளைக்குக் கிடைக்காமல் போயிற்று என்று. ஆய்வுக்கூடத்தில் அம்மா விழித்தே இருக்கிறார், தூங்குவது பிள்ளை. நிறைமாதச் சிசு நாளின் பெரும்பகுதியைத் தூக்கத்தில் கழிக்கிறது. அசையாத ஆழ்ந்த தூக்கம், புரண்டுகொண்டே தூங்குவது, அப்புறம் கொஞ்ச நேர விழிப்பு என்று நிலைகள் இருக்கின்றன. 1982-ல் நைஹாஸ் குழுவினர் இவற்றை நான்காகப் பிரித்தார்கள், இன்றும் அந்தப் பிரிவைத்தான் பயன்படுத்துகிறோம். எந்த நிலையில் குரல் போட்டோம் என்று தெரியாமல் எடுத்த எண்களை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தூக்கநிலையை எந்தக் கருவி காட்டிக்கொடுக்கும் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

இதயத்துடிப்பும், பிறந்தபின் சூப்பானும்

ஒன்பதாம் மாதத்தில் வயிற்றில் பெல்ட் கட்டித் துடிப்பு பார்ப்பார்களே, அந்த சி.டி.ஜி. கருவிதான். எந்தப் பிரசவ ஆஸ்பத்திரியிலும் இருக்கும். அம்மா ஒருக்களித்து வசதியாகப் படுத்துக்கொள்ளலாம், குழந்தை எப்படித் திரும்பிக் கிடந்தாலும் பெரும்பாலும் துடிப்பு கிடைக்கும், ஒரு மணி நேரம்கூட எடுக்கலாம். தூக்கநிலையை ஊகிக்க நமக்குக் கிடைக்கும் தடயங்களில் முக்கியமானதும் இந்தத் துடிப்பின் ஏற்ற இறக்கம்தான்.

ஒலி எழுப்பிக் குழந்தை என்ன செய்கிறது என்று பார்க்கும் வழிக்கு வயது நூறு ஆகிறது. 1925-ல் ஜெர்மனியின் பைப்பர் கர்ப்பிணிகளின் அருகே கார் ஹாரன் அடித்து, வயிற்றுக் குழந்தை துள்ளுவதையும், திரும்பத் திரும்ப அடித்தால் துள்ளல் குறைவதையும் எழுதினார். சலித்துப்போவதுதான் இங்கே முக்கியம். ஒரு ஒலி சலித்துவிட்டது என்றால் அது நினைவில் நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

அவள் கேள்வியையே நேராகக் கேட்ட ஆய்வு 2003-ல் வந்தது. கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்து கிசிலெவ்ஸ்கியும் சீன ஆய்வாளர்களும் சேர்ந்து, நிறைமாதச் சிசுக்கள் 60-க்கு இரண்டு நிமிடம் ஒரு கவிதையைப் போட்டார்கள். பாதிக்கு அம்மா வாசித்தது, பாதிக்கு வேறொரு பெண் வாசித்தது. அம்மா குரலுக்குத் துடிப்பு ஏறியது, அந்நியக் குரலுக்கு இறங்கியது. ஒரே கவிதைக்கு எதிரெதிர்த் திசையில் துடிப்பு போனால் குழந்தை இரண்டையும் பிரித்தறிந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. வேறு ஆய்வுகளில் அம்மா குரலுக்குத் துடிப்பு இறங்கியும் இருக்கிறது. உற்றுக் கேட்கும்போது துடிப்பு தணியும், உசுப்பப்பட்டால் ஏறும். ஆக ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டியே பந்தயம் கட்டினால் மாட்டிக்கொள்வோம். பைப்பரின் சலிப்பு உத்தி இங்கே கைகொடுக்கும். அந்நியக் குரலைச் சலிக்கும்வரை போட்டுவிட்டு, சட்டென்று அம்மா குரலுக்கு மாற்ற வேண்டும். மாற்றம் தெரிந்தால் போதும், எந்தத் திசை என்பது இரண்டாம் பட்சம். இன்னொரு குறை: துடிப்பைக் கட்டுப்படுத்துவது தானியங்கி நரம்பு மண்டலம். துடிப்பு மாறியதால், சிந்திக்கும் மேலடுக்கான மூளைப் புறணி குரலை அடையாளம் கண்டது என்று எழுத முடியாது. 30 வாரத்துக்கு முன்னால் அந்த நரம்புக் கட்டுப்பாடே முழுதாக முதிர்ந்திருக்காது, ஆகவே அப்போது மாற்றம் தெரியாவிட்டால் அதற்கு ஒன்றும் பொருள் கிடையாது.

இதோடு ஒட்டிப் பார்க்க வேண்டியது பிறந்த பின் செய்யும் சோதனை. அமெரிக்காவில் டிகாஸ்பரும் ஃபைஃபரும் 1980-ல் செய்தது எனக்கு இன்றும் பிடித்த சோதனை. மூன்று நாள்கூட ஆகாத பத்துக் குழந்தைகள், வாயில் பால் வராத சூப்பான், காதில் ஹெட்போன். ஒரு தாளத்தில் சப்பினால் அம்மா குரல், இன்னொரு தாளத்தில் சப்பினால் வேறு பெண்ணின் குரல். பத்தில் எட்டுக் குழந்தைகள் அம்மா குரல் வரும் பக்கமாகச் சப்பலை மாற்றிக்கொண்டன. பிறந்த பிறகு அந்த இரண்டு மூன்று நாளில் கற்றிருக்கலாமே என்ற கேள்வி வந்தது. டிகாஸ்பரும் ஸ்பென்ஸும் 1986-ல் அதற்கும் பதில் சொன்னார்கள். கடைசி ஆறு வாரம் தினம் இரண்டு முறை ஒரு கதையை அம்மாக்கள் உரக்க வாசித்தார்கள். பிறந்த பிறகு, வேறொரு பெண் வாசித்தாலும் குழந்தைகள் அந்தக் கதையையே நாடின. அந்தக் கதையை அவை வயிற்றில்தான் கேட்டிருக்க முடியும்.

இந்த வழியின் பலவீனம், எந்த வாரத்தில் கற்றது என்று அது சொல்லாது. ஆனால் கேட்கவைக்கும் காலத்தை நம்மால் வெட்டி ஒட்ட முடியும். ஹெல்சின்கியில் பார்ட்டானென் குழுவினர் 29-ஆம் வாரத்திலிருந்து அர்த்தமில்லாத ஒரு சொல்லை, 'தத்ததா' மாதிரி, பதிவாகப் போடச் சொல்லிவிட்டு, பிறந்த பின் ஈ.ஈ.ஜி. எடுத்தார்கள். கேட்ட குழந்தைகளின் மூளை அந்தச் சொல்லின் சுருதி மாறியபோது கூடுதலாக எதிர்வினை காட்டியது, 2013-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு 33-ஆம் வாரத்தோடு நிறுத்தி, இன்னொரு குழுவுக்கு 34-இல் ஆரம்பித்தால், வாரக் கேள்விக்கும் வழி பிறக்கும். அம்மா குரலை இப்படி நிறுத்தி வைக்க முடியாதுதான். ஒரு கதையையோ தாலாட்டையோ நிறுத்தலாம்.

அப்பாக்களுக்காக ஒரு வரி. 2014-ல் லீயும் கிசிலெவ்ஸ்கியும் பார்த்தபோது, வயிற்றில் இருக்கையில் அப்பா குரலுக்கும் துடிப்பு மாறியது. பிறந்த பிறகு அம்மா குரலைத்தான் நாடின, அப்பாவுடையதை நாடவில்லை. என் தம்பியிடம் இதைச் சொன்னேன், அவன் பேச்சை மாற்றிவிட்டான்.

காந்தப்புலத்தை அளப்பது

எனக்குப் பொறாமை இந்தக் கருவி மேல்தான். மூளையில் மின்னோட்டம் ஓடும்போது துளியூண்டு காந்தப்புலம் உண்டாகும். வெளியே நின்று அதை அளப்பது எம்.இ.ஜி. வயிற்றின் மேல் ஈ.ஈ.ஜி. ஒட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: குழந்தையின் தோல்மேல் பிறக்கும்போது வெண்ணெய் பூசினாற்போல ஒரு படலம் இருக்குமே, அது மின்சாரத்தைத் தடுக்கும். கடைசி மூன்று மாதத்தில், நமக்கு வேண்டிய வாரங்களில்தான், அது தடிமனாகிறது. காந்தப்புலம் அதை ஒரு பொருட்டாக மதிக்காமல் கடந்து வரும்.

வந்து சேர்வது எவ்வளவு? சில பத்து ஃபெம்டோடெஸ்லா. பூமியின் காந்தப்புலம் அதைப்போல நூறு கோடி மடங்கு. போதாக்குறைக்கு அம்மாவின் இதயம், குழந்தையின் இதயம், இரண்டும் அதே இடத்தில் பல மடங்கு பலத்தோடு துடித்துக்கொண்டிருக்கும். திருவிழாக் கூட்டத்தில், கொட்டு மேளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கொசு பறப்பதைக் கேட்கிற வேலை. ஆகவே வெளிக் காந்தப்புலத்தைத் தடுக்கும் தடித்த காப்பறை, மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்துக்குள் உணரிகள், அதற்கு மேல் இதயங்களைக் கழித்தெடுக்கும் கணக்கு.

கர்ப்பிணிக்கென்றே வடிவமைத்த முதல் கருவி 2000-ல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில், லிட்டில் ராக் நகர மருத்துவப் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. 151 உணரிகள், வயிற்றின் வளைவுக்கு ஏற்ற குழி. அம்மா உட்கார்ந்து முன்னால் சாய்ந்து வயிற்றை அதில் பொருத்திக்கொள்வார். இதேபோல் ஒன்று ஜெர்மனியின் ட்யூபிங்கனில் வந்தது. லிட்டில் ராக் குழு 2002-ல் வயிற்றின்மேல் ஒளி பாய்ச்சி, சிசு மூளையின் பார்வை எதிர்வினையைப் பதிவு செய்தது. ட்யூபிங்கனில் மோசர் குழுவினர் 2021-ல் வெளியிட்டது இன்னும் நுட்பம்: ஒலிகளை ஒரு விதிப்படி வரிசையாகப் போட்டுப் பழக்கிவிட்டு, விதியை மீறினார்கள். 35 வாரம் தாண்டிய சிசுக்களின் மூளை அந்த மீறலைக் கண்டுகொண்டது.

மில்லிநொடிக் கணக்கில் மூளை என்ன செய்தது என்று பார்க்கலாம். சத்தம் கிடையாது, குழந்தைக்குள் எந்த ஆற்றலும் செலுத்துவதில்லை. இரண்டு இதயத்துடிப்பும் தானாகவே பதிவாகிவிடுவதால் தூக்கநிலையும் கிடைக்கும். அப்படியானால் இதையே எடுத்துக்கொள்ளலாமே? அவளும் அதைத்தான் கேட்டாள்.

இரண்டு காரணம் சொன்னேன். உழைத்து எடுத்த பதிவுகளில் கணிசமானவற்றில் எதிர்வினையே தெரியாது. தலை உணரியிலிருந்து கொஞ்சம் தள்ளியிருந்தாலோ, குழந்தை திரும்பிக்கொண்டாலோ அன்றைய பதிவு வீண். மூன்று வருட ஆய்வில் அது பெரிய சூதாட்டம். இரண்டாவது காரணம்தான் அவளை யோசிக்க வைத்தது. எம்.இ.ஜி.க்குக் குட்டிக் குட்டி ஒலிகள், ஒரே மாதிரி, நூற்றுக்கணக்கான தடவை வேண்டும். எல்லாவற்றையும் சராசரி எடுத்தால்தான் கொசு கேட்கும். அம்மாவின் குரலை அம்மாவின் குரலாக்குவது அதன் ஏற்ற இறக்கமும் இழுப்பும். அதை ஒரு அசையாக நறுக்கி முந்நூறு தடவை போட்டால், குழந்தைக்கு அதில் அம்மா எங்கே இருக்கிறாள்?

திரவ ஹீலியக் குளிர் வேண்டாத, வயிற்றின்மேலேயே ஒட்டிவைக்கக்கூடிய ஒளியியல் உணரிகள் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. மூளைக்கு இன்னும் அருகே போகலாம். காப்பறை அதற்கும் வேண்டும். அடுத்த மாணவிக்கு அது சரியாக இருக்கலாம்.

எம்.ஆர்.ஐ., ஸ்கேன், குறைமாதக் குழந்தைகள்

அவள் ஆசைப்பட்டது எம்.ஆர்.ஐ. மூளையின் எந்தப் பகுதியில் ரத்த ஓட்டம் மாறுகிறது என்று காட்டும் வகை. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 1999-ல் ஹைகின் குழுவினர் சிசு மூளையில் ஒலிக்கு எதிர்வினை தெரிவதை இதில் முதன்முதலாகக் காட்டினார்கள். டெட்ராய்ட்டில் தாமசன் குழுவினர் 2013-ல், 24 முதல் 38 வாரச் சிசுக்கள் 25-ஐ எடுத்து, ஒலி எதுவும் போடாமல், மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படி இணைந்து துடிக்கின்றன என்று பார்த்தார்கள். வாரம் ஏற ஏற இணைப்புகள் வலுப்பட்டன. லண்டன் கிங்ஸ் கல்லூரியும் ஆக்ஸ்ஃபோர்டும் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்த பெரிய திட்டமும் சிசு மூளை இணைப்புகளைப் படமெடுத்திருக்கிறது. இணைப்புகளைப் பற்றிய கேள்வி என்றால் இதற்கு மாற்றே கிடையாது.

குரலைப் பற்றிய கேள்விக்கு இது தோதில்லை. குழாய்க்குள் அந்த எந்திரம் தடதடவென்று அடிக்கும் சத்தத்துக்கு மேலே இன்னொரு சத்தத்தைக் கேட்கவைக்க வேண்டும். ரத்த ஓட்டம் மாறவே சில நொடிகள் ஆகும், அந்த மாற்றத்தின் வடிவமே சிசுவில் பெரியவர்களைப்போல் இருக்காது. குழந்தை தலையைத் திருப்பினால் படங்களைத் துண்டு துண்டாகத் திருத்தி ஒட்ட வேண்டும். திருத்த முடியாதவை குப்பைக்குப் போகும். நிறைமாத அம்மா மல்லாந்து படுத்தால் பெரிய சிரை அழுந்தி மயக்கம் வரும் என்பதால் ஒருக்களித்துக் குழாய்க்குள் அடங்க வேண்டும். தூக்கநிலையும் சரியாகத் தெரியாது. மூளையே தெரிகிறதே என்றாள் மறுபடி. தெரிகிறது, ஆனால் அது எதைக் கேட்டுக்கொண்டிருந்தது என்று தெரியாது.

வயிற்றுக் குழந்தையின் அசைவைக் கண்முன்னே உருவமாகக் காட்டும் நான்கு பரிமாண ஸ்கேனைப் பற்றி நீட்ட விருப்பமில்லை. டர்ஹாமில் 2022-ல், அம்மா கேரட் அல்லது கேல் கீரைப் பொடி மாத்திரை விழுங்கிய பிறகு 32, 36 வாரச் சிசுக்களின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். கேரட்டுக்குச் சிரித்தாற்போல, கீரைக்கு அழுதாற்போல. படங்கள் உலகம் சுற்றின. வாய்த்தசையின் அசைவை எண்ணியது நேர்மையான வேலை. அதற்குச் சிரிப்பு, அழுகை என்று பேர் வைத்தது நாம். லங்காஸ்டரில் 2017-ல் முகம்போல் மூன்று சிவப்பு ஒளிப்புள்ளிகளை வயிற்றின்மேல் நகர்த்தியபோது 39 சிசுக்கள் நேரான வடிவத்தை நோக்கி 40 தடவையும் தலைகீழானதை நோக்கி 14 தடவையும் தலை திருப்பின. வயிற்றுச் சதையைத் தாண்டும்போது மூன்று புள்ளி மூன்றாகவே இருக்குமா, எண்ணிய விதம் சரியா என்று மறு வருடமே அதே இதழில் மறுப்பு வந்தது. ஸ்கேனை நான் துணைக்கு வைத்துக்கொள்வேன். தலை எங்கே, குழந்தை புரள்கிறதா என்று பார்க்க.

தமிழ்நாட்டிலும் ஒரு குழுவைச் சேர்க்கலாமா என்று அவள் கேட்டதற்கு இங்கே பதில் இருக்கிறது. கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2003 திருத்தத்தோடு, ஸ்கேன் கருவியும் இடமும் பதிவு பெற்றிருக்க வேண்டும், கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எஃப் படிவம் எழுத வேண்டும். அந்தச் சட்டம் எதற்கு வந்தது என்பது நமக்குத் தெரியும், அதில் முனக எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஸ்கேனை மையமாக வைத்த ஆய்வை இங்கே திட்டமிடுவது வேறு கதை. துடிப்பு பெல்ட் படம் எதுவும் காட்டாது.

என் துறைக்கு வருகிறேன். 29 வாரத்தில் பிறந்த குழந்தை இன்குபேட்டரில் இருக்கிறது. அதன் மூளை வயிற்றிலிருக்கும் 29 வாரக் குழந்தையின் வயதுதான், தலைமேல் நேராக ஈ.ஈ.ஜி. வைக்கலாம். பிரான்சின் அமியானில் 2013-ல், 28 முதல் 32 வாரக் குழந்தைகள் 12 பேரிடம், அகச்சிவப்பு ஒளியால் ரத்த ஓட்டத்தை அளந்து, 'ப', 'க' ஒலிகளையும் ஆண், பெண் குரலையும் மூளை பிரித்தறிவதைக் காட்டினார்கள். பொறாமைப்படும்படியான தெளிவு. ஆனாலும் அவளை நான் இந்தப் பக்கம் இழுக்கவில்லை. இந்தக் குழந்தை காற்றில் மூச்சு விடுகிறது, ஊசி குத்து வாங்குகிறது, மானிட்டர் அலறலுக்கு நடுவில் கிடக்கிறது, அம்மாவின் குரல் உள்ளிருந்து வருவது நின்றுபோய்விட்டது. வயிற்றுப் பிள்ளைக்குப் பதிலாள் என்று இதை எழுதும்போதெல்லாம் எனக்கே கூசும்.

கடைசியில் அவள் எழுதியனுப்பிய திட்டம் இதுதான். 32-ஆம் வாரத்திலும் 36-ஆம் வாரத்திலும் அதே அம்மாக்களிடம் துடிப்பு பெல்ட், சலிக்க வைத்துக் குரல் மாற்றும் முறையில். பிறந்த மூன்று நாளுக்குள் அதே குழந்தைகளிடம் சூப்பான் சோதனை, கூட ஈ.ஈ.ஜி. எம்.இ.ஜி.க்குச் சின்ன ஒரு கிளை, பத்துப் பன்னிரண்டு பேரிடம் மட்டும், நறுக்கிய அசையை வைத்து. கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் ஆய்வு படுத்துவிடாது. எம்.ஆர்.ஐ. இல்லை. மேற்பார்வையாளர் அதில்தான் கொஞ்சம் முகம் சுளித்தாராம்.

இப்போது அவள் மண்டையை உடைத்துக்கொள்வது வேறு கணக்கில். அந்நியக் குரல் யாருடையது? சம்பந்தமில்லாத ஒரே பெண்ணின் குரலை எல்லாக் குழந்தைக்கும் போட்டால், அந்தக் குரலின் கனமோ வேகமோதான் காரணம் என்று யாராவது சொல்லிவிடலாம். அதனால் ஒரு அம்மாவின் குரல் அடுத்த அம்மாவின் குழந்தைக்கு அந்நியக் குரலாக வேண்டும், இருவரும் ஒரே மொழி, ஒரே வட்டாரப் பேச்சு, ஏறக்குறைய ஒரே வாரக் கர்ப்பம். அப்படி ஜோடி சேர்க்க ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறாள். முதல் ஜோடியில் ஒருவருக்கு நாள் முந்தியே வலி எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று நேற்று கேட்டாள். அதற்கு மூன்றாவதாக ஒருவரைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.